பதினோரு பக்கக் காகிதமும் ஒரு பாட்டியின் பயமும்

வாசகர் கடிதம்:

“டாக்டர் அம்மா, நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மூத்த பையனுக்கு 7 வயது, 20 கிலோ. மூன்று வயதிலிருந்தே வீசிங். போன வருஷம் இரண்டு முறை அட்மிட் செய்தோம். ஒரு முறை இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். காலையும் ராத்திரியும் பம்பு அடிக்க ஆரம்பித்த பிறகு இப்போது பரவாயில்லை. போன வாரம் அரசு மருத்துவமனைக்குச் செக்கப்புக்குப் போனபோது, வடசென்னைப் பிள்ளைகளுக்கு வரும் வீசிங் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, பையனைச் சேர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊதும் டெஸ்ட், 5 மில்லி ரத்தம், வீட்டில் காற்றை அளக்க ஒரு மெஷின். அப்புறம் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பார்களாம். ஒரு பிரிவுக்கு இப்போது போலவே தினமும் பம்பு. இன்னொரு பிரிவுக்கு இழுப்பு வரும்போது மட்டும் இரண்டு மருந்து சேர்ந்த பம்பு. 11 பக்கக் காகிதம் கொடுத்தார்கள். மாமியார், ‘எலி கெடைக்கலன்னு என் பேரனைப் புடிச்சாங்களா?’ என்று சண்டை போடுகிறார். வேண்டாம் என்று சொன்னால் இலவசமாகக் கொடுக்கும் பம்பை நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம். கையெழுத்துப் போடலாமா? இன்னொன்று, பையனுக்கு ஊசி என்றாலே நடுக்கம்.”

– பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

அங்கேயே கையெழுத்துப் போடாமல் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் அல்லவா, அது மிகச் சரி. அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அவர்களே சொல்லியிருந்தால், நல்ல இடத்தில்தான் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது முதல் அடையாளம்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஆராய்ச்சியில் சேரவில்லை என்பதற்காக உங்கள் பையனுக்குக் கிடைக்கும் பம்பையோ, ஓ.பி. சீட்டையோ, படுக்கையையோ யாரும் மறுக்க முடியாது. சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு. சேர்ந்த பிறகு ஆறாவது மாதமோ பதினெட்டாவது மாதமோ வேண்டாம் என்று தோன்றினால் காரணம்கூடச் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அப்போதும் வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும். இது டாக்டரின் நல்ல மனசைப் பொறுத்த சலுகை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் உள்ள விஷயம். உங்கள் கையில் இருக்கும் 11 பக்கத்திலும் இந்த வரி இருக்க வேண்டும். தேடிப் பாருங்கள். இல்லை என்றால் அந்தக் காகிதமே குறையுள்ளது.

இனி உங்கள் மாமியார். அவரைப் படிக்காதவர், விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்று ஒரு காப்பகம் இருந்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பராமரித்த இடம். அங்கே 1950-களில் தொடங்கிப் பல வருடம், மஞ்சள் காமாலைக் கிருமியைக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கொடுத்து நோய் எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 2009-ல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்த திட்டம் ஒன்று நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பல பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்துக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு மிகக் கடுமையாக அறிக்கை கொடுத்தது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி, என் உறவுக்காரப் பெண் பிள்ளைகளுக்கு நானே போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே தவறு மருந்தில் இல்லை, கேட்ட விதத்தில். ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் கேட்காமலே செய்யலாம் என்ற எண்ணத்தில்.

அந்த எண்ணத்தை நான் கிட்டத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். படித்து முடித்த புதிதில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ஓர் ஆராய்ச்சிக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் வேலையை எங்களைப் போன்ற இளம் டாக்டர்களிடம் விட்டிருந்தார்கள். மதியம் ஒரு மணி, வெளியே நீளமான வரிசை. ஒரு மீனவத் தகப்பனிடம் நான் இரண்டு நிமிடம் கடகடவென்று எதையோ சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “எங்கே போடணும்னு மட்டும் காட்டுங்கம்மா” என்றார். நானும் காட்டினேன். அவருக்கு எதுவும் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். புரியவில்லை என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் குழந்தைக்கு எந்தத் தீங்கும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது. பின்னாளில், ஆராய்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒரு நெறிமுறைக் குழுவில் ஆறு வருடம் உட்கார்ந்தபோது, தமிழில் உள்ள சம்மதப் படிவத்தை ஒவ்வொரு வரியாக நான் படித்ததற்கு அவர்தான் காரணம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பிறகு எதற்குக் குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் பெரியவர்கள் மாத்திரையைக் கால் மாத்திரையாக உடைத்துக் கொடுப்பார்கள். டாக்டர்களும் வெகுகாலம் ஏறக்குறைய அதைத்தான் செய்தோம். பெரியவர்களிடம் சோதித்த மருந்தை எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுத்தோம். 1950-களில் குளோராம்பெனிகால் என்ற மருந்தை அப்படிக் கணக்குப் போட்டுப் பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தையின் ஈரல் அந்த மருந்தை வெளியேற்றும் அளவுக்கு வளர்ந்திருக்காது. மருந்து உடம்பிலேயே தேங்கி, உடல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தன. அப்படியானால் குறைத்துக் கொடுத்தால் பாதுகாப்பா? அதுவும் இல்லை. காசநோய்க்கு, நம் ஊரில் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று சொல்கிறோமே, அதற்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மருந்தைப் பல வருடமாகப் பெரியவர்கள் கணக்கிலேயே, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கொடுத்து வந்தோம். குழந்தைகளின் உடம்பு அந்த மருந்தைப் பெரியவர்களைவிட வேகமாகக் கரைத்து வெளியே தள்ளிவிடுகிறது என்பது, குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்த பிறகுதான் உறுதியானது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் அளவை 10 மில்லிகிராமாக, இரண்டு மடங்காக, உயர்த்தியது. அதுவரை எத்தனை பிள்ளைகள் போதாத மருந்தைச் சாப்பிட்டிருப்பார்கள்! அதைச் சரிசெய்ய யாரோ சில தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்னைக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். இடநெருக்கடியான வீடுகளில், சரியான சாப்பாடு இல்லாமல் இருந்த மெட்ராஸ் ஏழை மக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் இன்னொரு பாதியை வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடலாம் என்று ஆனதற்கு அந்த மெட்ராஸ்காரர்கள் ஒரு முக்கியக் காரணம். சமீபத்திலும் பாருங்கள். தீவிரமில்லாத காசநோய் உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்து தேவையா, நான்கு மாதம் போதுமா என்று 1204 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலானவர்கள் ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் சென்னையிலும் புனேயிலும் பிள்ளைகள் சேர்ந்தார்கள். நான்கு மாதம் போதும் என்று 2022-ல் முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்துவிட்டது. இரண்டு மாதம் குறைவாக மாத்திரையைத் துப்பும் குழந்தையோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு நிம்மதி என்று தாய்மார்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நல்ல முடிவுகளை மட்டும் சொல்லி உங்களைச் சம்மதிக்க வைப்பது நியாயமில்லை. மனசுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்ல வேண்டும்.

பிறந்ததும் அழாத குழந்தைகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரசவ நேரத்தில் மூளைக்குப் போதிய ஆக்ஸிஜன் போகாமல் பிறப்பவை. பணக்கார நாடுகளில் இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் உடல் வெப்பத்தை மூன்று நாள் 33.5 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். மூளை பாதிப்பு குறைகிறது என்று அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின. அதுவே வழக்கமான சிகிச்சையும் ஆனது. நாமும் அதைச் செய்தால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் ஆசை. சில இடங்களில் ஆய்வு இல்லாமலே செய்யவும் தொடங்கிவிட்டார்கள். 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். சென்னை அரசு மருத்துவமனைகளும் அதில் இருந்தன. 2021-ல் முடிவு வந்தது. இறப்பு, மிதமான அல்லது கடுமையான ஊனம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பயனும் இல்லை. இறப்பை மட்டும் பார்த்தால், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம், குளிர்விக்கப்படாதவர்களில் 31 சதவீதம். காப்பாற்றும் என்று நம்பிய சிகிச்சை, நம் குழந்தைகளுக்குக் கெடுதலாக இருந்தது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குளிர்வித்த பிரிவில் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோரை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் நல்லது நடக்கும் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இன்னொரு பக்கம், அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால்? இங்கிலாந்துக் குழந்தைக்கு நல்லது என்பதால் நம் குழந்தைக்கும் நல்லது என்று ஊர் ஊராகச் செய்துகொண்டே போயிருப்போம். கெடுதல் நடப்பதே நம் கண்ணில் பட்டிருக்காது. ஆராய்ச்சிக்குப் பெயர் இல்லாமல் நடக்கும் சோதனை அது. ஆராய்ச்சி என்றால் ஆபத்தே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஆராய்ச்சி இல்லாத மருத்துவம் பாதுகாப்பானது என்று உங்கள் மாமியார் சொன்னால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

வடசென்னைப் பிள்ளைகளின் வீசிங்கைப் பற்றித் தனியாக ஆராய வேண்டுமா என்றால், நிச்சயமாக வேண்டும். மணலியும் எண்ணூரும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் லாரிகளும் இருக்கும் காற்றில் வளரும் நுரையீரலை, வேறு ஊரில் எழுதிய புத்தகத்தை வைத்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது. காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசி, பி.எம். 2.5 என்பார்கள், ஒரு கன மீட்டருக்கு வருடச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 5. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள். உங்கள் வீட்டில் வைக்கும் மெஷின் வெளிக்காற்றை மட்டும் காட்டாது. கொசுவர்த்தி, சாம்பிராணி, அடுப்புத் தாளிப்பு எல்லாமே அதில் தெரியும். (ஆராய்ச்சியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், பையன் இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் இன்றோடு வேண்டாம். கொசுவலை போடுங்கள். மாமியாருக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள்.)

ஊதும் டெஸ்ட் வலிக்காது. நுரையீரல் எவ்வளவு வேகமாகக் காற்றை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பது. அடிக்கடி வீசிங் வரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படியும் செய்ய வேண்டிய டெஸ்ட்தான். ரத்தம் 5 மில்லி என்பது ஒரு டீஸ்பூன். 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடும். அதில் முந்நூறில் ஒரு பங்குதான் எடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்தால் உடம்பு தாங்குமா என்ற கேள்வியே வேண்டாம், தாங்கும். இந்தப் பகுதிக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் சம்மதிப்பேன்.

சீட்டுக் குலுக்கும் பகுதியில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். முதலில், ஏன் குலுக்குகிறார்கள்? எந்தப் பிள்ளைக்கு எந்தப் பம்பு என்று டாக்டரே முடிவு செய்தால், நோய் அதிகமாக உள்ளவர்களை அவர் நம்பும் பக்கம் சேர்த்துவிடுவார். அப்புறம் எது நல்ல மருந்து என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் குலுக்குவது அலட்சியம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: இந்த இரண்டில் எது இந்தப் பிள்ளைக்கு நல்லது என்று டாக்டர்களுக்கே உண்மையில் தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்துகொண்டே குலுக்கினால் அது பாவம்.

லேசான வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு, இழுப்பு வரும்போது மட்டும் இரண்டு மருந்து சேர்ந்த பம்பு போதுமா என்பது நேர்மையான கேள்வி. பெரியவர்களிடம் அந்த முறை நன்றாக வேலை செய்கிறது. தினமும் அடிக்க மறக்கும் வீடுகளுக்கு அது பெரிய உதவியாகவும் இருக்கும். ஆனால் உங்கள் பையன் லேசான வகையா? ஒரே வருடத்தில் இரண்டு அட்மிஷன், அதில் ஒன்று ஆக்ஸிஜனோடு. தினப் பம்பு தொடங்கிய பிறகுதான் அடங்கியிருக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளையிடம் நன்றாக வேலை செய்கிற தினப் பம்பை நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் வராது. ஒருவேளை அந்த ஆய்வின் விதிகளே இவனைப் போன்றவர்களைக் குலுக்கலில் சேர்க்கக் கூடாது என்று சொல்லலாம், கூட்டத்தில் கேட்டவருக்கு அட்மிஷன் விவரம் தெரியாமல் இருந்திருக்கலாம். எனவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், ஆய்வை நடத்தும் தலைமை டாக்டரிடமே, “போன வருஷம் ஆக்ஸிஜன் வைத்த பையன், இவனைச் சேர்க்கலாமா?” என்று நேராகக் கேளுங்கள். குலுக்கல் இல்லாமல் காற்று, ரத்தம், ஊதும் டெஸ்ட் பகுதியில் மட்டும் சேர முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது, எல்லாவற்றிலும் சேர்ந்தால்தான் என்று சொன்னால், இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் உங்களுக்குத் தெளிவான காரணம் சொல்லி, இழுப்பு கூடினால் அன்றே பார்க்க ஏற்பாடு என்ன, எத்தனை முறை இழுப்பு வந்தால் பழையபடி தினப் பம்புக்கு மாற்றுவார்கள் என்று எழுத்தில் காட்டினால், மறுபடியும் யோசிக்கலாம். முடிவு உங்களுடையதும் உங்கள் கணவருடையதும்தான்.

மற்ற கேள்விகளை உங்கள் மாமியார் வாயாலேயே கேட்க வையுங்கள். அவர் பயத்தில் இருப்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. “என் பேரனுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பார்ப்பாங்க?” ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். புது மருந்து என்றால் 2019-ன் மருந்துப் பரிசோதனை விதிகளும், பழைய மருந்தானாலும் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகளும் இதைச் சொல்கின்றன. யார் தருவார்கள் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். “இதுக்கெல்லாம் யாரு பெர்மிஷன் குடுத்தா?” நெறிமுறைக் குழு கொடுத்திருக்க வேண்டும். அந்த விதிகளின்படி மருந்துப் பரிசோதனைகளைப் பார்க்கும் குழுவில் ஏழு பேராவது இருப்பார்கள், அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், சட்டம் தெரிந்த ஒருவரும் உங்களையும் என்னையும் போல ஒரு சாதாரண ஆளும் கட்டாயம். அந்தக் குழுவின் தொலைபேசி எண் காகிதத்திலேயே இருக்கும், கூப்பிட்டுப் பேசலாம். அப்புறம் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவு எண் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை 2009 முதல் அந்த அரசுப் பதிவேட்டில் கட்டாயம் பதிய வேண்டும். யார் நடத்துகிறார்கள், யார் பணம் போடுகிறார்கள் என்று எவரும் செல்போனிலேயே பார்க்கலாம்.

“எடுத்த ரத்தத்துல மிச்சத்த என்ன பண்ணுவீங்க?” இதைப் பலரும் கேட்பதில்லை. மிச்ச ரத்தத்தைச் சேமித்து வைத்துப் பின்னால் மரபணு ஆய்வு போன்றவற்றுக்குப் பயன்படுத்த நினைத்தால், அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். அதற்கு மட்டும் ‘வேண்டாம்’ என்று குறித்துவிட்டு மற்றதில் சேரலாம். உங்கள் தரப்பில் இன்னொரு கேள்வி: ஒவ்வொரு முறை வரும்போதும் உங்களுக்கு அரை நாள் கூலி போகும், ஷேர் ஆட்டோ செலவு வேறு. பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுக்க நெறிமுறைகளில் இடம் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள், அது பிச்சை இல்லை. ஆனால் செலவுக்கு மேல் பெரிய தொகை காட்டி இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் அளந்த காற்றின் கணக்கையும் ஆராய்ச்சியின் முடிவையும் எங்களுக்குத் தமிழில் சொல்வீர்களா என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் எங்கள் தொழில்மேல் எனக்கே வருத்தம் உண்டு. முடிவு ஆங்கிலத்தில் எங்கோ ஒரு சஞ்சிகையில் வரும், ரத்தம் கொடுத்த தெருவுக்கு ஒரு துண்டுக் காகிதமும் வராது. நீங்கள் எல்லோரும் கேட்டால் அது மாறும்.

பையனிடம் கேட்டீர்களா? ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளையிடம், பெற்றோர் முன்னால், அவனுக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லி வாய்வழியாக அவன் சம்மதத்தையும் வாங்க வேண்டும் என்பது நெறிமுறை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் அவனே எழுத்தில் கொடுக்க வேண்டும். நீங்கள் சம்மதித்து அவன் மாட்டேன் என்றால், அந்த மறுப்புக்கும் மதிப்பு உண்டு. ஊசிக்குப் பயந்து மாட்டேன் என்கிறானா, விஷயமே பிடிக்கவில்லையா என்று பொறுமையாகக் கேளுங்கள். ஊசிதான் காரணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீம் உண்டு. ரத்தம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முழங்கையின் உள்பக்கம் தடவி மூடி வைத்தால் குத்துவது பெரிதாகத் தெரியாது. ஆராய்ச்சிக் குழுவிடம் அதைக் கேளுங்கள், அவர்கள் ஏற்பாடு செய்யலாம். அன்று வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் நன்றாகத் தண்ணீர் குடிக்க வைத்துக் கூட்டிப்போங்கள், நரம்பு சுலபமாகக் கிடைக்கும். ஊசி குத்தும்போது உங்கள் மடியில் உட்கார வையுங்கள். “வலிக்கவே வலிக்காது” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு முறை பொய் என்று தெரிந்தால் அடுத்த ஆறு மாதம் கழித்து அவன் வரமாட்டான். “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்று சொல்லுங்கள், அவனையே எண்ண வையுங்கள்.

இதெல்லாம் முடிவாகும் வரை காலை, இரவு பம்பை ஒரு வேளைகூட விட வேண்டாம். பம்பை நேராக வாயில் அடிக்காமல், ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய்) வைத்தே அடியுங்கள், அடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே நிவாரணப் பம்பை, அதாவது இழுப்பு வரும்போது அடிக்கக் கொடுத்திருக்கும் பம்பை, அடித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.